மாட்டுத் தீவனம் முதல் மண்வாசனை வரை: அரிய ஆங்கிலச் சொற்கள் பிறந்த கதை!

2017-ஆம் ஆண்டு மே மாதம். நாடாளுமன்ற உறுப்பினர் சசி தரூர் தன் ட்விட்டர் பதிவில் 'ஃபராகோ' என்று ஒரு சொல்லைப் போட்டார். அவ்வளவுதான்! இந்தியாவே அகராதியைத் தேடி ஓடியது. மீம்ஸ் பறந்தன. 'இந்த மனுஷன் ட்வீட்டைப் படிக்க ட்யூஷன் வைக்கணும்' என்று கிண்டல் செய்தார்கள்.

அந்தச் சொல்லின் பூர்வீகம் தெரிந்தால் இன்னும் சிரிப்பு வரும். பண்டைய ரோமில் மாடுகளுக்குப் பல தானியங்களைக் கலந்து போடும் தீவனத்துக்குப் பெயர்தான் 'ஃபராகோ'. அதிலிருந்து 'கண்டதையும் கலந்த குப்பை' என்ற பொருளுக்கு ஆங்கிலத்தில் நகர்ந்துவிட்டது. இனி அந்தச் சொல்லை நீங்கள் மறப்பீர்களா? மாட்டுத் தொட்டி கண்முன் வந்து நிற்குமே!

அடுத்த ஆண்டு அவரே இன்னொரு குண்டைப் போட்டார். 'ஃப்ளாக்ஸி-நாஸி-நிஹிலி-பிலி-ஃபிகேஷன்'. ஆங்கிலத்தில் எழுதினால் 29 எழுத்துகள். பயந்துவிடாதீர்கள். லத்தீன் இலக்கணப் பாடத்தில் 'ஒன்றுக்கும் உதவாதது' என்ற பொருளில் வரும் நான்கு சொற்களைப் படிப்பாளிகள் யாரோ விளையாட்டாகக் கோத்துக் கட்டிய மாலை அது. 'ஒரு பொருளைச் சல்லிக்காசு பெறாது என்று ஒதுக்குவது' என்பதே பொருள். 1741-லேயே ஒரு கடிதத்தில் இது இடம்பெற்றிருக்கிறது.

இங்கே ஒரு ரகசியம் சொல்லவா? இந்தச் சொற்களைப் பார்த்து மிரள்வது நாம் மட்டும் அல்ல. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் 5 லட்சத்துக்கும் அதிகமான சொற்கள் உள்ளன. லண்டனில் பிறந்து வளர்ந்தவருக்கே அவற்றில் பெரும்பகுதி தெரியாது. ஆகவே, ஒரு ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் தெரியவில்லை என்று நம் பிள்ளைகள் கூனிக்குறுக வேண்டியதே இல்லை.

போட்டித் தேர்வுக்காக 'தினம் 10 சொல்' என்று மனப்பாடம் செய்து மறுவாரமே மறந்துபோகிறவர்கள் அநேகம். அதே சொல் எங்கே, யாருக்கு, என்ன தேவைக்காகப் பிறந்தது என்று தெரிந்துவிட்டால் மறக்காது. அதைவிட முக்கியம், அதை எந்த இடத்தில் சொல்லலாம், எந்த இடத்தில் வாயைத் திறக்கவே கூடாது என்பதும் தானாகவே புரிந்துவிடும். வாருங்கள், சில சொற்களின் பிறந்த வீட்டுக்கே போய்ப் பார்ப்போம்.

கல்லுக்குள் ஓடும் ரத்தம்

கோடை மழையின் முதல் தூறல். வறண்ட மண்ணிலிருந்து குப்பென்று ஒரு வாசம் கிளம்புமே, அதற்கு ஆங்கிலத்தில் 'பெட்ரிகோர்' என்று பெயர். இது ஏதோ பழங்காலச் சொல் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். வயது 60 சொச்சம்தான்!

1964-ல் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். வெயிலில் காய்ந்த பாறையையும் களிமண்ணையும் நீராவியில் வடித்துப் பார்த்தபோது மஞ்சள் நிறத்தில் ஒரு எண்ணெய் கிடைத்தது. மழை வாசத்துக்குக் காரணம் அதுதான் என்றார்கள். அதற்கு ஒரு பெயர் வேண்டுமே? கிரேக்க மொழியில் 'பெட்ரா' என்றால் கல். 'ஐகோர்' என்றால், கிரேக்கக் கடவுளரின் உடம்பில் ரத்தத்துக்குப் பதிலாக ஓடுவதாகச் சொல்லப்படும் திரவம். இரண்டையும் சேர்த்தார்கள். 'கல்லின் தெய்வ ரத்தம்'! விஞ்ஞானிகளுக்குள்ளும் கவிஞர்கள் உண்டு, பாருங்கள்.

அந்த வாசத்தில் மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் 'ஜியோஸ்மின்' என்ற பொருளுக்கும் பங்கு உண்டு. நம் மூக்கு அதை மிக மிகக் குறைந்த அளவிலும் கண்டுபிடித்துவிடும். மழைத்துளி மண்ணில் மோதும்போது சின்னச் சின்னக் காற்றுக்குமிழிகள் உண்டாகி வெடித்து, அந்த வாசத்தைக் காற்றில் தெளிக்கின்றன.

இதில் நமக்குப் பெருமையான விஷயமும் உண்டு. உத்தரப்பிரதேசத்தின் கன்னோஜ் நகரில் சுட்ட மண்ணை வடித்து, இந்த வாசத்தைப் புட்டியில் அடைத்து 'மிட்டி அத்தர்' என்று விற்கிறார்கள். தமிழிலோ 'மண்வாசனை' என்று ஒரே சொல்லில் எப்போதோ முடித்துவிட்டோம். ஆங்கிலத்துக்கு 1964 வரை அப்படி ஒரு சொல் இல்லை!

இலங்கை கொடுத்த இன்ப அதிர்ச்சி

பழைய புத்தகத்தைத் தூக்கிப்போடலாம் என்று எடுக்கிறீர்கள். உள்ளே, எத்தனையோ நாளாகத் தேடிய சான்றிதழ்! தேடாதபோது கிடைக்கும் இந்த நல்ல விஷயத்துக்கு 'செரண்டிபிட்டி' என்று பெயர்.

இதைப் பெற்றவர் ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர். பிறந்த நாள்கூடத் துல்லியமாகத் தெரியும்: 1754-ஆம் ஆண்டு ஜனவரி 28. ஒரு ஓவியம் தொடர்பான தகவல் எதிர்பாராமல் கண்ணில் பட்டதைப் பற்றி, இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் இருந்த தன் நண்பர் ஹொரேஸ் மானுக்கு எழுதிய கடிதத்தில், 'செரண்டிப் நாட்டு மூன்று இளவரசர்கள்' என்ற கதையிலிருந்து இந்தச் சொல்லை உருவாக்கியதாகக் குறிப்பிட்டார்.

செரண்டிப் எது தெரியுமா? நம் பக்கத்து வீடான இலங்கைதான்! அரேபியரும் பாரசீகரும் இலங்கையை அழைத்த பெயர் அது. அந்தக் கதையில் இளவரசர்கள் தாங்கள் பார்க்காத ஒட்டகத்தின் அடையாளத்தைச் சொல்வார்கள். பாதையின் ஒரு பக்கத்துப் புல் மட்டும் மேயப்பட்டிருந்ததால் ஒரு கண் குருடு. மென்று துப்பிய புல் ஒரு பல் அளவுக்குச் சிதறிக் கிடந்ததால் பல் ஒன்று இல்லை. ஒரு கால் இழுபட்ட தடம் இருந்ததால் நொண்டி. 'அட, இது எங்க பாட்டி சொன்ன கதையாச்சே' என்கிறீர்களா? ஆமாம், காணாமல்போன ஒட்டகத்தின் கதை நம் ஊரிலும் உலவுவதுதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இளவரசர்களுக்கு அடித்தது வெறும் அதிர்ஷ்டம் அல்ல. எல்லோர் கண்ணிலும் பட்ட புல்தான். அவர்கள் மட்டும் யோசித்தார்கள். வால்போலும் 'தற்செயலும் கூரிய அறிவும் சேர்ந்தது' என்ற பொருளில்தான் சொன்னார். 1928-ல் தன் ஆய்வுத் தட்டில் பூஞ்சை படிந்ததைக் கண்ட அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங், அதைக் கழுவி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். உற்றுப் பார்த்தார், பென்சிலின் கிடைத்தது. அதுதான் செரண்டிபிட்டி. லாட்டரியில் பரிசு விழுந்தால் அது வெறும் 'லக்'!

ஜன்னல் வழியே ஒரு போர்

'டிஃபெனெஸ்ட்ரேஷன்' என்றால் ஒருவரை ஜன்னல் வழியாகத் தூக்கி வெளியே எறிவது. 'இதற்கெல்லாமா ஒரு சொல்?' என்று கேட்கலாம். வரலாற்றில் இதற்குத் தேவை வந்தது. லத்தீனில் 'ஃபெனெஸ்ட்ரா' என்றால் ஜன்னல்.

1618 மே 23. இன்றைய செக் நாட்டின் தலைநகரான பிராக் கோட்டை. தங்கள் மத உரிமைகள் பறிக்கப்படுவதாகக் கொதித்துப்போன புராட்டஸ்டன்ட் பிரபுக்கள், பேரரசரின் கத்தோலிக்கப் பிரதிநிதிகள் இரண்டு பேரையும் அவர்களுடைய செயலாளரையும் கோட்டையின் ஜன்னல் வழியாகத் தூக்கி வீசினார்கள். ஏறத்தாழ 21 மீட்டர் உயரம். ஆனால், மூன்று பேரும் பிழைத்துக்கொண்டார்கள்! 'தேவதூதர்கள் தாங்கிப் பிடித்தார்கள்' என்றது ஒரு தரப்பு. 'போங்கய்யா, கீழே குப்பைமேடு இருந்தது' என்றது எதிர்த்தரப்பு.

செயலாளருக்குப் பின்னாளில் பேரரசர் ஒரு பட்டமும் கொடுத்தார். அதன் பொருள் என்ன தெரியுமா? 'உயரத்திலிருந்து விழுந்தவர்'!

சிரிப்பு இத்தோடு முடிந்தது. அந்தச் சம்பவம் பற்றவைத்த போர் 1648 வரை 30 ஆண்டுகள் ஐரோப்பாவை எரித்தது. போரிலும் பஞ்சத்திலும் நோயிலும் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள்.

ஒரு கொசுறுத் தகவல்: நாம் அன்றாடம் சொல்லும் 'ஜன்னல்' நம் சொல் அல்ல. போர்ச்சுகீசியர் கொண்டுவந்த 'ஜனெலா'தான் ஜன்னல் ஆயிற்று. ஆங்கிலம் மட்டுமா கடன் வாங்குகிறது?

பல்லி உருவில் ஒரு தொகுதி

அடுத்தது ஒரு கையெழுத்தின் கதை. எல்பிரிட்ஜ் கெர்ரி என்பவர் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். பிறகு மாசசூசெட்ஸ் மாகாண ஆளுநரானார். 1812-ல் தன் கட்சிக்குச் சாதகமாகத் தொகுதி எல்லைகளை வளைத்து வரைந்த சட்டத்திலும் கையெழுத்திட்டார். அதில் ஒரு தொகுதி கோணல்மாணலாக நீண்டு, சாலமாண்டர் என்ற பல்லி போன்ற பிராணியைப் போலவே இருந்தது. அதற்கு இறக்கையும் நகமும் வரைந்து, 'பாஸ்டன் கெஸட்' பத்திரிகை மார்ச் 26-ல் கேலிச்சித்திரமாக வெளியிட்டது. கெர்ரியும் சாலமாண்டரும் சேர்ந்து 'கெர்ரிமாண்டர்' பிறந்தது. இப்போது 'ஜெரிமாண்டர்' என்று உச்சரிக்கிறார்கள்.

தந்திரம் எளிமையானது. எதிர்க்கட்சி ஆதரவாளர்களை எல்லாம் ஒரே தொகுதிக்குள் திணித்துவிடு. அங்கே அவர்கள் அமோகமாக ஜெயிக்கட்டும். மிச்சம் இருப்பவர்களைப் பல தொகுதிகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிவிடு, அங்கெல்லாம் தோற்பார்கள். ஓட்டு அதே ஓட்டுதான், கோடு மட்டும் மாறுகிறது.

அந்த ஆண்டுத் தேர்தலில் கெர்ரியின் கட்சி மாகாண செனட்டைத் தக்கவைத்துக்கொண்டது. கெர்ரியோ ஆளுநர் தேர்தலில் தோற்றார்! பின்னர் அமெரிக்காவின் துணை அதிபராகவும் இருந்து மறைந்தார். சுதந்திரப் பிரகடனத்தில் போட்ட கையெழுத்து இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? 1812-ல் போட்ட கையெழுத்துதான் அவர் பெயரைச் செய்தித்தாள்களில் இன்றுவரை வைத்திருக்கிறது.

நம்பிவிடாதீர்கள், இது வாட்ஸ்அப் கதை!

சொற்பிறப்பில் போலிகளும் உண்டு. ரொம்பப் பிரபலமான ஒன்று, 'நியூஸ்'. வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு ஆகிய நான்கு திசைகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தது என்று சுற்றிவரும். உண்மை அப்படி இல்லை. 'நியூ' என்றால் புதிது. 'நியூஸ்' என்றால் புதியவை. அவ்வளவுதான் சங்கதி.

'பாஷ்' என்ற சொல்லுக்கும் ஒரு ஜோடிக்கப்பட்ட கதை உண்டு. இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வரும் கப்பலில் பணக்காரர்கள் வெயில் படாத அறைகளைக் கேட்டு வாங்குவார்களாம். வரும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம். அதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைப் பயணச்சீட்டில் அச்சடித்ததால் 'பாஷ்' வந்தது என்பார்கள். கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால், அப்படி அச்சடித்த சீட்டு ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. முதலெழுத்துகளைக் கோத்து ஒரு பழைய சொல்லுக்கு விளக்கம் வந்தால், ஒரு நிமிடம் சந்தேகப்படுங்கள்.

அகராதியே ஏமாந்த கதையும் உண்டு. 1934-ல் வெளியான வெப்ஸ்டர் பேரகராதியில் 'டார்டு' என்று ஒரு சொல், பொருள், அடர்த்தி. உண்மையில் அப்படி ஒரு சொல்லே கிடையாது! அடர்த்தியைக் குறிக்கப் பெரிய 'டி' அல்லது சின்ன 'டி' எழுத்தைப் பயன்படுத்தலாம் என்று ஒரு துண்டுச்சீட்டில் குறித்திருந்தார்கள். 'அல்லது' என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஆர்' அல்லவா? 'டி ஆர் டி' என்பதை யாரோ ஒன்றாகச் சேர்த்துப் படித்துவிட, 'டார்டு' பிறந்துவிட்டது. 1939-ல் அகராதிப் பணியாளர் ஒருவர், 'இதற்கு வேர்ச்சொல்லே போடவில்லையே' என்று துருவியபோதுதான் குட்டு உடைந்தது. இப்படி இல்லாமல் பிறந்த சொற்களுக்குப் 'பேய்ச்சொல்' என்றே பெயர்.

கவனித்தீர்களா? பேயைப் பிடித்துக்கொடுத்தது 'இது எங்கிருந்து வந்தது?' என்ற கேள்விதான்.

காது செய்த கோளாறு

சினிமா பாட்டைத் தப்பும் தவறுமாகக் கேட்டு, அதையே பல ஆண்டுகளாகப் பாடித் திரிகிறவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. அதற்கும் ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கிறது: 'மாண்டெக்ரீன்'.

சில்வியா ரைட் என்ற அமெரிக்க எழுத்தாளர் சிறுமியாக இருந்தபோது, அவருடைய அம்மா ஒரு பழைய ஸ்காட்லாந்துக் கதைப்பாடலைப் படித்துக் காட்டுவார். ஒரு பிரபுவைக் கொன்று பசும்புல்லில் கிடத்தியதாக அதில் வரும். சிறுமியின் காதிலோ, பிரபுவோடு 'லேடி மாண்டெக்ரீன்' என்ற சீமாட்டியும் சேர்ந்து செத்துப்போனதாக விழுந்தது. பாவம், இல்லாத அந்தச் சீமாட்டிக்காக அவர் மனசு உருகியது. 1954-ல் 'ஹார்ப்பர்ஸ்' இதழில் இதைக் கட்டுரையாக எழுதி, காது தவறாகக் கேட்பதற்கு அந்தச் சீமாட்டியின் பெயரையே வைத்தார்.

ஆங்கிலத்தில் குடியேறிய நம் சொற்கள்

காது செய்த கோளாறு ஒரு பெரிய அகராதிக்கே பெயராகியிருக்கிறது. முஹர்ரம் ஊர்வலத்தில் 'யா ஹசன், யா ஹுசைன்' என்று எழும் குரல் ஆங்கிலேயச் சிப்பாய்களின் காதில் 'ஹாப்சன் ஜாப்சன்' என்று விழுந்தது. ஆங்கிலத்தில் நுழைந்த இந்திய, ஆசியச் சொற்களைத் தொகுத்து 1886-ல் வெளிவந்த அகராதிக்கு அதையே பெயராகச் சூட்டினார்கள். தொகுத்த இருவரில் ஒருவரான ஏ.சி.பர்னல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தஞ்சை அரண்மனையின் சம்ஸ்கிருதச் சுவடிகளுக்குப் பட்டியல் தயாரித்தவரும் அவரே. அகராதி அச்சேறுவதற்கு 4 ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார்.

அதில் நம் வீட்டுச் சொற்கள் பல உண்டு. லண்டன் ஓட்டல்களில் 'மல்லிகடானி' என்ற சூப் கிடைக்கும். சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். மிளகுத்தண்ணி! நம் வீட்டு ரசத்துக்குள் கறியையும் காய்கறியையும் போட்டு சூப் ஆக்கிவிட்டார்கள். அந்தக் காலத்தில் மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இந்தச் சொல்லைச் சுருக்கி 'மல்' என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள்.

'கேட்டமரான்' நம் மீனவர்களின் கட்டுமரம். மரத்துண்டுகளைக் கயிற்றால் கட்டிய மிதவை அது. ஆங்கிலத்தில் இன்று அது இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகு! நடுவில் கொஞ்ச காலம், சண்டைக்காரப் பெண்மணிகளையும் ஆங்கிலேயர்கள் 'கேட்டமரான்' என்று ஏசினார்களாம். கட்டுமரம் என்ன பாவம் செய்ததோ!

சொல்லக் கூசும் சொல்

எல்லாச் சொல்லும் இப்படிச் சிரித்துக்கொண்டே கப்பல் ஏறவில்லை. 'பாரையா' என்ற ஆங்கிலச் சொல்லை இன்றும் உலகச் செய்திகளில் பார்க்கலாம். எல்லோராலும் ஒதுக்கப்பட்ட மனிதர் அல்லது நாடு என்ற பொருளில் எழுதுவார்கள். தெருநாய்களுக்கும் அந்தப் பெயரைச் சேர்த்துச் சொல்லும் வழக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது.

அது எங்கிருந்து போனது? நம் மண்ணில் வாழும் பறையர் சமூகத்தின் பெயரிலிருந்து. ஆங்கில அகராதிகள் 'பறை' என்ற இசைக்கருவியோடு தொடர்புபடுத்தி இதை விளக்குகின்றன. இங்கே வந்த ஐரோப்பியர்கள், இந்தச் சமூகத்தின் மீது சாதி சுமத்திய ஒதுக்கலைக் கண்டார்கள். அந்தக் கொடுமைக்குப் பெயர் வைப்பதற்குப் பதிலாக, கொடுமைக்கு ஆளானவர்களின் பெயரையே 'ஒதுக்கத்தக்கது' என்பதற்குப் பெயராக்கிவிட்டார்கள். அந்தச் சொல் கடல் கடந்து ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் பரவிவிட்டது.

இதே பெயரை நிமிர்ந்து நின்று சொன்னவர்களும் உண்டு. 1893-ல் இரட்டைமலை சீனிவாசன், தான் தொடங்கிய பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரை உரிமைக் குரலாக்கினார். ஒருவர் தன் அடையாளமாகச் சொல்வதற்கும், அடுத்தவர் வசைச்சொல்லாக வீசுவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

தீண்டாமையை நம் அரசியல் சாசனத்தின் 17-வது பிரிவு ஒழித்துவிட்டது. ஆங்கிலத்தில் எழுதும்போது நாம் அறியாமலே அதை உயிரோடு வைத்திருக்க வேண்டுமா? பொருள் மட்டும் பார்த்து மனப்பாடம் செய்த பிள்ளை, தேர்வுத்தாளில் இந்தச் சொல்லைப் பெருமையாக எழுதும். பிறப்பைத் தெரிந்துகொண்ட பிள்ளை பேனாவை நிறுத்தும். 'தனிமைப்படுத்தப்பட்ட நாடு' என்று சொல்ல 'ஐசொலேட்டட்' என்ற சொல் இருக்கவே இருக்கிறது.

ஒரு சொல்லா, ஓர் உயிரா?

கடைசியாக ஒரு சொல். 'ஷிபலெத்'. ஒரு கூட்டத்தாரை வேறு கூட்டத்தாரிடமிருந்து பிரித்துக் காட்டும் பேச்சு, பழக்கம், வாசகம் எல்லாவற்றையும் இந்தச் சொல்லால் குறிப்பார்கள். எபிரேய மொழியில் இதற்குத் 'தானியக் கதிர்' என்று பொருள்.

பைபிளின் நியாயாதிபதிகள் புத்தகத்தில் இதன் கதை வருகிறது. கீலேயாத்தியரிடம் போரில் தோற்ற எப்பிராயீமியர், யோர்தான் நதியைக் கடந்து தப்ப முயன்றார்கள். துறையில் நின்ற காவலர்கள் ஒவ்வொருவரையும் 'ஷிபலெத் என்று சொல்' என்றார்கள். எப்பிராயீமியரின் நாவுக்கு 'ஷ' வராது, 'சிபலெத்' என்றார்கள். சொன்ன இடத்திலேயே கொல்லப்பட்டார்கள். மாண்டவர்கள் 42,000 பேர் என்கிறது அந்தப் புத்தகம்.

எங்கோ, எப்போதோ என்று நாம் கடந்துபோக முடியாது. 1983 ஜூலையில் கொழும்பு வீதிகளில் தமிழர்களைத் தேடித் திரிந்த கும்பல், வழியில் வந்தவர்களை மறித்து, வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்ற சிங்களச் சொல்லைச் சொல்லச் சொன்னது. முதல் ஒலி பிசகினால் அவர் தமிழர். பேருந்திலும் தெருமுனையிலும் அந்த ஒற்றைச் சொல்லில் உயிர் தொங்கியது. இதில் இன்னொரு கொடுமை, அந்தச் சொல் சிங்களத்துக்கும் சொந்தமானது அல்ல. போர்ச்சுகீசியரிடமிருந்து வந்த கடன்!

மகிழ்ச்சியான தற்செயலுக்கு ஆங்கிலம் வைத்துக்கொண்ட பெயரும் இலங்கையிலிருந்துதான் போனது என்று மேலே பார்த்தோம் அல்லவா? ஒரே தீவு. ஒரு சொல் உலகத்துக்கே இனிப்பாகப் போனது. இன்னொன்று கழுத்தில் கத்தியாக நின்றது.

உச்சரிப்பு சரியில்லை என்று யாரையாவது கேலி செய்ய வாய் துறுதுறுக்கும்போது, ஷிபலெத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கிராமத்துப் பள்ளியிலிருந்து கல்லூரிக்கு வந்த ஒரு பிள்ளை 'ஷ'வையும் 'ஸ'வையும் மாற்றிச் சொன்னால் வகுப்பே சிரிக்கிறதே, அந்தச் சிரிப்பும் ஆளைப் பிரிக்கும் வேலையைத்தான் செய்கிறது.

வாரம் ஒரு சொல் போதும்

வீட்டில் பள்ளி, கல்லூரி செல்லும் பிள்ளைகள் இருந்தால் இதை முயன்று பாருங்கள். தினம் 10 சொல் வேண்டாம். வாரம் ஒன்று போதும். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து சாப்பிடும்போது மூன்றே கேள்விகள் கேளுங்கள்:

1. இந்தச் சொல்லை யார் உருவாக்கினார்கள், அல்லது எந்த மொழியிலிருந்து வந்தது?

2. அப்போது இப்படி ஒரு சொல்லுக்கு என்ன தேவை இருந்தது?

3. இதைச் சொன்னால் யாருக்காவது வலிக்குமா?

பதிலுக்கு அலைய வேண்டாம். கையில் இருக்கும் போனிலேயே நல்ல ஆங்கில அகராதிச் செயலிகள் உண்டு. பொருளைப் படித்ததும் மூடிவிடாமல் இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிப் பாருங்கள். சொற்பிறப்பு என்று சிறிய எழுத்தில் இரண்டு வரி இருக்கும். பெரும்பாலானோர் அதுவரை போவதே இல்லை. சுவாரஸ்யம் எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

தாத்தா, பாட்டி வீட்டில் இருந்தால் அவர்களையும் விளையாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். பேரன் 'பெட்ரிகோர்' என்று ஆரம்பித்தால், 'இதுக்குப் போயா இவ்வளவு பெரிய பேரு? மண்வாசனைன்னு சொல்லிட்டுப் போயேன்' என்பார்கள். அந்த ஆட்டத்தில் ஜெயித்தது யார் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்!